காணாமற்போன மாணவன்

கல்லூரி இருந்ததோ பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம். அவன் நாள்தோறும் ஏறியதோ ஆவடியிலிருந்து நகரத்துக்குச் செல்லும் மின்தொடர் வண்டியில். தோளில் பை, பையினுள் தாய் கட்டிக் கொடுத்த தயிர்ச் சோறு. அம்பத்தூரையும் பெரம்பூரையும் கடந்து, ஏதேனும் ஒரு நிலையத்தின் நடைமேடையில் மாலைவரை அமர்ந்திருந்துவிட்டு, கல்லூரி விடும் நேரத்துக்குச் சரியாக வீடு திரும்புவான். ஒரு பருவம் முழுவதும் இவ்வாறு நடந்தது. வருகைப் பதிவு போதாமையால் தேர்வெழுத இயலாது என்று கடிதம் வந்த அன்றுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. அவனுடைய தாய் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். “மார்க் போனது கூடப் பரவாயில்லை ஃபாதர். இத்தனை நாள் எங்ககிட்ட நடிச்சிருக்கானே” என்று அழுதார்.

அவனை நாம் நன்கறிவோம். இரண்டாண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் நம் பங்கிலேயே மிகுந்த மதிப்பெண் பெற்றவன். ஞாயிறு திருப்பலியின் முடிவில் பீடத்தருகே அழைத்து, சால்வை அணிவித்து, விவிலியம் ஒன்றைப் பரிசளித்து, இறைமக்களைக் கைதட்டச் செய்தவர் நாமே. பின்னர் அவன் கடைசி இருக்கைக்கு நகர்ந்தான். அதன்பின் கோவிலுக்கே வராமற்போனான். கல்லூரிக் காற்று பட்டுவிட்டது என்று நாம் எண்ணிக்கொண்டோமேயன்றி, வீடு தேடிச் சென்று கேட்டோமில்லை.

அன்று மாலை அவனை அழைத்து ஆறுதல் கூற வாயெடுத்தபோது, நம் நாவில் முதலில் வந்தது கணித மேதை இராமானுஜனின் பெயர்தான். கல்லூரித் தேர்வில் தவறியவர்களுக்கெல்லாம் தமிழகத்தில் நூறாண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் பெயர் அது. அவன் தலை நிமிராமலே, “அவர் ஜீனியஸ், ஃபாதர். நான் இல்லையே” என்றான். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. அன்றிரவு இராமானுஜனின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தோம். நாம் பல மறையுரைகளில் சொல்லிவந்த கதை வேறு. வரலாற்றில் உள்ளது வேறு.

1904-ஆம் ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு இராமானுஜனுக்கு வழங்கப்பட்டது. இம்மாணவனுக்கு நூற்றுக்கு நூறும் போதாது என்னும் பொருள்படத் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவையோர்முன் புகழ்ந்தார். மாணவருக்கு அப்போது 16 வயது. தந்தை ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கர்; மாத வருவாய் ஏறத்தாழ 20 ரூபாய். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடிச் சிறிது ஈட்டினார். அவ்வாண்டே உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் இராமானுஜன் சேர்ந்தார். பி.ஏ. வகுப்புக்குச் செல்ல விரும்புவோர் முதலில் கடக்க வேண்டிய படி அது. கணிதத்தோடு ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க உரோமை வரலாறு ஆகியவற்றிலும் தேற வேண்டும்.

அதற்கு முன்னரே, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதத் தேற்றங்களின் பெருந்தொகுப்பு ஒன்று அவர் கைக்குக் கிடைத்திருந்தது. அதன்பின் கணிதம் தவிர வேறெதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. உரோமை வரலாற்று வகுப்பில் அமர்ந்தும் கணக்கே போட்டார். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. கோமளத்தம்மாள் முதல்வரிடமே சென்று வாதாடினார், பயனில்லை. ஒரு பருவத்துக்குக் கல்விக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாத உழைப்பு அது.

1905 ஆகஸ்டில் வீட்டில் எவரிடமும் சொல்லாமல் அவர் இரயிலேறி விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பெற்றோர் பல ஊர்களில் தேடினர். காணாமற்போன பையன் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வெளியாயிற்று. சில வாரங்கள் கழித்துத் திரும்பிவந்து மீண்டும் கல்லூரியில் அமர்ந்தார். ஆனால் வருகைப் பதிவு போதவில்லை. பருவச் சான்றிதழ் கிடைக்கவில்லை. இவ்விடத்தைப் படித்தபோது நாம் நூலைச் சற்று மூடிவைத்தோம். பூந்தமல்லிச் சாலைக் கல்லூரியிலிருந்து வந்த கடிதமும் இதையே சொல்லியிருந்தது.

அவரை நன்கறிந்த சேஷு ஐயரும் இராமச்சந்திர ராவும் பின்னாளில் எழுதிய குறிப்பில், நண்பர் ஒருவரின் தூண்டுதலால் அவர் வடக்கே சென்றதாகக் கூறுகின்றனர். நண்பர் தூண்டினாரோ இல்லையோ, பரிசு மேடையில் ஊரே பார்க்க நின்ற ஒரு சிறுவன், ஓராண்டு கழித்து அதே ஊரின் தெருவில் நடப்பது எத்தகைய துயரம் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? தவறியவன் ஓடுவதைவிட, புகழப்பட்டுத் தவறியவன் ஓடுவது எளிது.

1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். அங்கும் கணிதத்தில் ஆசிரியர்களே வியந்தனர். உடலியலிலோ பத்து விழுக்காடும் எட்டவில்லை. இடையில் வயிற்றுக் கடுப்பு கண்டு ஊர் திரும்பினார். அவ்வாண்டு இறுதியில் தேர்வெழுதித் தவறினார். அடுத்த ஆண்டு மீண்டும் எழுதினார், மீண்டும் தவறினார். அத்தோடு கல்லூரிக் கதவு அடைபட்டது.

நம் மேடைப் பேச்சுகள் இவ்விடத்தில் ஒரு தாவு தாவிக் கேம்பிரிட்ஜில் போய் இறங்குகின்றன. நடுவே கழிந்த ஆண்டுகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நமக்கு இன்று பயன்படுவது அவ்வாண்டுகளே. அவர் திண்ணையில் அமர்ந்து மடியில் பலகை வைத்துக் கணக்கிட்டார். பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுக்க முயன்றார். பாடத்திட்டத்துக்கு அப்பால் போய்விடுவதால் அதுவும் நிலைக்கவில்லை. அண்டை வீட்டார் அழைத்து உணவிட்டனர். 1909-இல் திருமணம் நடந்தது. மறு ஆண்டு அறுவை மருத்துவம் செய்யவேண்டி வந்தபோது வீட்டில் பணமில்லை. மருத்துவர் ஒருவர் கட்டணமின்றிச் செய்தார். பின்னர் சென்னையில் நண்பர்களின் அறைகளில் மாறி மாறித் தங்கினார்.

1910-இல் திருக்கோவிலூருக்குச் சென்று, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய துணை ஆட்சியர் வி. இராமசாமி ஐயரைக் கண்டு, எழுத்தர் வேலை ஒன்று கேட்டார். குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர், இவரை வருவாய்த் துறையின் அடிப்படியில் அமர்த்தி அறிவை நசுக்க மனமின்றி, சென்னையிலிருந்த சேஷு ஐயரிடம் அனுப்பினார். அங்கிருந்து வழி நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவிடம் சென்றது. சவரம் செய்யாத முகம், அழுக்கேறிய தோற்றம், கக்கத்தில் நைந்துபோன ஏடு, ஒளி வீசும் கண்கள். ஆட்சியர் தாம் முதலில் கண்டதாகப் பதிவு செய்துள்ள உருவம் இதுதான். அக்கணிதம் தமக்குப் பிடிபடவில்லை என்றும் அவர் மறைக்காமல் கூறுகிறார். உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது இராமானுஜன் பட்டம் கேட்கவில்லை, புகழ் கேட்கவில்லை. கவலையின்றி உண்ண எளிய உணவும், கணக்கில் ஆழ்ந்திருக்க நேரமும் கேட்டார். சில காலம் ஆட்சியர் தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

ஒருவர் நூல் படித்துப் பார்த்தார், ஒருவர் மடல் எழுதினார், ஒருவர் பணம் அனுப்பினார், ஒருவர் உணவிட்டார். அவர்களுள் பெரும்பாலோர் இவர் மேதை என்று திட்டமாக அறிந்து உதவியவர்கள் அல்லர். திண்ணையில் அழைத்துச் சோறிட்டவர்களுக்கு எண்கணிதத்தின் நுட்பம் என்ன தெரியும்? ஆகவே மேதையாயிருந்ததால் பிழைத்தார் என்று நாம் சொல்லிவந்தது முழு உண்மையன்று. பிழைத்திருந்ததால்தான் மேதை என்று உலகுக்குத் தெரியவந்தது.

1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டு அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற மடலின் தொடக்கத்தில், தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்கிறார். கும்பகோணத்தையும் பச்சையப்பனையும் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த மௌனத்தினுள் எத்தனை ஆண்டுக் கூச்சம் அடங்கிக் கிடக்கிறதோ! அடுத்த மாதம் எழுதிய மடலிலோ மனந்திறக்கிறார். தாம் பாதிப் பட்டினியில் இருப்பதாகவும், மூளையைக் காக்க இப்போது முதலில் உணவே வேண்டும் என்றும் எழுதினார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. எஃப்.ஏ. தேர்வில் அவரைத் தவறச் செய்த அதே பல்கலைக்கழகம்!

பொதுவாகக் கதை இங்கே மங்களம் பாடி முடிக்கப்படும். ஆனால் துயரம் அவரை விட்டகலவில்லை. 1914 மார்ச்சில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். போர்க்காலம், புலால் உண்ணாதவர், தாமே சமைத்துத் தனியே உண்டார். மனைவி ஜானகியின் மடல்கள் மாமியாரால் தடுக்கப்பட்டு அவரைச் சேரவில்லை. ஒரு முறை நண்பர் ஒருவரையும் அவருடன் வந்த பெண்மணிகளையும் விருந்துக்கு அழைத்துத் தம் கையாலேயே பரிமாறினார். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது பெண்மணிகள் போதும் என்றனர். சற்று நேரத்தில் விருந்தளித்தவரைக் காணவில்லை. ஆக்ஸ்போர்டு சென்றுவிட்டிருந்தார், சில நாள் கழித்து அங்கிருந்து தந்தி வந்தது. விசாகப்பட்டினத்துக்கு ஓடிய சிறுவன் அவருள் அப்படியே இருந்தான்.

1917-இல் நோய் கண்டு மருத்துவ இல்லங்களில் மாறி மாறிக் கிடந்தார். 1918-இன் தொடக்கத்தில் லண்டன் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நிலையப் பணியாளர் ஒருவர் கண்டு மின்விசையை நிறுத்த, வண்டி சில அடி தொலைவில் நின்றது. காயங்களோடு உயிர் தப்பியவரைக் காவல்துறை பிடித்துச் சென்றது. தற்கொலை முயற்சி இங்கிலாந்தில் அன்று குற்றம். 1961 வரை அச்சட்டம் அங்கே நீடித்தது. ஹார்டி விரைந்து சென்று, இவர் அரச கழகத்தின் உறுப்பினர், இவரைக் கைது செய்யலாகாது என்று வாதிட்டு மீட்டார். அன்று இராமானுஜன் அரச கழக உறுப்பினர் அல்லர். தேர்தல் முடிந்தது அவ்வாண்டு மே மாதத்தில்தான். அறநெறி இறையியல் பயின்ற நாம் இப்பொய்யை எந்தத் தலைப்பில் வைப்பது என்று தயங்குகிறோம்; அப்பொய்க்காக ஹார்டியை வாழ்த்தவும் செய்கிறோம். வானியல் அறிஞர் சந்திரசேகர் ஹார்டியின் வாய்மொழியாகக் கேட்டிருந்த இந்நிகழ்ச்சி, பல பத்தாண்டுகள் வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது. நம் பாடநூல்களில் இன்றும் பெரும்பாலும் இல்லை.

மதிப்பெண் வந்தால் மனத்துயர் தீரும், புகழ் வந்தால் பழைய தோல்வி ஆறும் என்று நம்புகிறவர்கள் 1918-ஐ நினைவிற்கொள்ள வேண்டும். இராமானுஜனுக்கு இருந்தது இன்ன நோய் என்று நூறாண்டுகள் கழித்துப் பெயர் சூட்ட நாம் மருத்துவரல்லர். ஆனால் மனச்சோர்வு என்று இன்றைய மருத்துவம் சொல்வதன் இயல்பு ஓரளவு தெளிவாகியுள்ளது. உறக்கம் கெடுகிறது, பசி போகிறது, முன்பு பிடித்தது எதுவும் பிடிப்பதில்லை, படித்த வரி மனத்தில் நிற்பதில்லை. இவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். படித்தது மனத்தில் நில்லாதவன் தேர்வில் தவறுகிறான்; தவறியதால் சோர்வு மிகுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இது சோம்பலாகத் தெரிகிறது. பாலைநிலத் தந்தையர் அசதி என்ற தீய எண்ணத்தைப் பற்றி எழுதிவைத்ததை அரைகுறையாகப் படித்த நாமும், நோயுற்றவனைப் பாவியென்று கடிந்ததுண்டு. புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் துயரத்துக்கு மருந்தாக நண்பரின் பரிவையும் கண்ணீரையும் சொல்லிவிட்டு, உறக்கத்தையும் குளியலையும்கூடச் சொல்கிறார். குருமடத்தில் அப்பகுதியைப் படித்துச் சிரித்தோம். இன்று சிரிப்பு வரவில்லை.

இத்தகையோரிடம் திருச்சபை நடந்துகொண்ட முறையையும் சொல்லாமல் விடலாகாது. நாம் பீடச் சிறுவராக இருந்த காலம். எங்கள் சிற்றூரில் பள்ளியிறுதித் தேர்வில் தவறிய அண்ணன் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கோவில் மணி அடிக்கப்படவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, வேலமரத்தடியில் அடக்கினர். அவருடைய தந்தை ஒவ்வோர் ஆண்டும் அனைத்து ஆன்மாக்கள் நாளில் சுவருக்கு வெளியே தனியே மெழுகுவர்த்தி ஏற்றுவார். அன்றைய பங்குத்தந்தை கொடியவர் அல்லர். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1240-ஆம் எண்ணுக்குக் கீழ்ப்படிந்தார். மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை அது மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடும் மனநோயும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கையிழக்கலாகாது என்றும் 2282, 2283 எண்களில் கற்பிக்கிறது. நம் நாட்டுச் சட்டமும் மெல்ல நகர்ந்துள்ளது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அத்தகையவரைக் கடும் மனவழுத்தத்துக்கு ஆளானவராகவே கொள்ளப் பணித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவு இடம்பெறவில்லை. வேலமரத்தடியில் கிடப்பவருக்கு இவையெல்லாம் காலங்கடந்து வந்தன.

பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியும் தேர்வில் தவறியவரே. 1813-இல் லியோன் நகர்க் குருமடத்தில் சேர்ந்தவர், இலத்தீன் பாடங்களைப் புரிந்துகொள்ள இயலாமையால் சில மாதங்களில் திருப்பி அனுப்பப்பட்டார். எக்குலி பங்குத்தந்தை பாலே அவரைத் தம் இல்லத்திலேயே வைத்து, தம்மோடு உண்ணச் செய்து, பொறுமையோடு கற்பித்து, அவருக்காக மேலோரிடம் பரிந்து பேசினார். 1815-இல் வியான்னி குருவானார். இங்கும் நாம் கதையை ஆர்ஸ் ஊரின் வெற்றியில் முடித்துவிடுகிறோம். ஆர்ஸ் பங்கிலிருந்தே அவர் தகுதியின்மை உணர்வால் வாடி, ஒரு முறைக்கு மேல் இரவோடிரவாக வெளியேற முயன்றதை மறையுரைகளில் சொல்வதில்லை. மக்கள் பின்தொடர்ந்து சென்று அழைத்துவந்ததுமுண்டு.

நம் பங்கு இளைஞனிடம் மறுநாள் இராமானுஜனைப் பற்றி மீண்டும் பேசினோம். இம்முறை விசாகப்பட்டினத்தைப் பற்றியும் செய்தித்தாள் அறிவிப்பைப் பற்றியும் மட்டும். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஊருக்குத் திரும்பி வந்தப்போ அவங்க அம்மா என்ன சொன்னாங்க, ஃபாதர்?” என்று கேட்டான். நூலில் அது இல்லை என்றோம்.

மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம் என்றதும் அவனுடைய தந்தை கொதித்தெழுந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் இருபத்தைந்து ஆண்டுகள் நின்று வேலை பார்த்தவர்; தம் குலத்தில் முதல் பட்டதாரி இவன்தான் என்று கனவு கண்டவர். “என் பையனைக் கீழ்ப்பாக்கம் கேஸ்னு ஊர் சொல்லணுமா, ஃபாதர்?” என்றார். 1794-இல் தோன்றி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் அரசு மனநல மருத்துவமனையின் பெயரைச் சென்னை வாழ் மக்கள் வசைச்சொல்லாக்கிவிட்டார்கள். எத்தனை குடும்பங்களை அது வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது! அவரோடு நாம் வாதிடவில்லை. மூன்று மாலைகள் அவர் வீட்டுக்குச் சென்று தேநீர் அருந்தினோம். நான்காம் நாள் அவரே, எங்கே போகவேண்டும் என்று கேட்டார். மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். பலன் தெரியச் சில வாரங்களாகும், இடையில் நிறுத்தக்கூடாது என்று எச்சரித்தார். நள்ளிரவில் மனம் தத்தளித்தால் யாரிடமேனும் பேசலாம் என்று இரு வழிகளைத் தாளில் எழுதிக்கொடுத்தோம்: 1986 முதல் சென்னையில் தன்னார்வலரால் நடத்தப்படும் சினேகா, 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ், எண் 14416.

அரசர்கள் முதல் நூலில் இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் சூரைச் செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டும் பகுதியை அண்மையில் திருப்பலியில் வாசிக்க நேர்ந்தது. வானதூதர் வந்து அவரைக் கடிந்துரைக்கவில்லை. உறங்கவிட்டு, எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மீண்டும் உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்கிறார். ஓரேபு மலைக்குப் போகும் பேச்சு அதன் பின்னரே வருகிறது. மறையுரையில் இதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, அவன் கடைசி இருக்கையில் தந்தையின் அருகில் அமர்ந்திருந்தான்.

இவ்வாண்டு ஜூன் மாதப் பரிசளிப்பு விழாவை என்ன செய்வது என்று பங்குப் பேரவையில் பேச்செழுந்தது. மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் சிலர் விழா வேண்டும் என்றனர். அவர்கள் மகிழ்ச்சியைப் பறிக்க நமக்கு உரிமையில்லை. பேசிப் பேசி, தேர்வெழுதிய பிள்ளைகள் அனைவரையும் அழைத்து ஆசீர் வழங்கி, பங்கு இல்ல முற்றத்தில் எல்லாருக்கும் உணவிடுவதென்று முடிவாயிற்று. மதிப்பெண் வாசிக்கப்படவில்லை. இரண்டு குடும்பங்களுக்கு மனத்தாங்கல், இன்னும் தீரவில்லை. அவன் உணவு பரிமாற வந்திருந்தான். அவனுக்கு இன்னும் ஆறு தாள்கள் அரியராக உள்ளன. நவம்பரில் இரண்டை மட்டும் எழுதப்போவதாகக் கூறினான். சாம்பார் வாளியைக் கையில் ஏந்தியவாறே, கல்லூரிப் பேருந்தில் செல்வதா, மின்தொடர் வண்டியில் செல்வதா என்று அவன் தந்தை கேட்க, பேருந்தில்தான் என்றான்.